எலுமிச்சம்பழம் தொடாத ஏழு மாதம்

முச்சந்தியில் கிடந்த எலுமிச்சம்பழத்தை என் தங்கை எடுத்துத் தின்றுகொண்டிருந்ததை முதலில் பார்த்தது நான்தான். ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். பாதியாக அறுத்து, குங்குமம் தடவி, யாரோ யார் தலையையோ சுற்றி வீசிவிட்டுப் போன பழம். அதை இரண்டு கையாலும் வாயோடு அழுத்திப் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். உதடு, மூக்கு, மோவாய் எல்லாம் சிவப்பு. ரத்தம் என்றுதான் நினைத்தேன். கிட்டே போன பிறகுதான் குங்குமம் என்று தெரிந்தது. ரத்தமாக இருந்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். திருஷ்டி கழித்த பழத்தைக் காலால் மிதிக்கவே எங்கள் தெருவில் ஆள் கிடையாது. நாங்கள் வேதக்காரக் குடும்பம், அதெல்லாம் நம்பக் கூடாது என்று கோவிலில் சாமியார் சொல்வார். ஆனாலும் அந்த இடத்துக்கு வரும்போது நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, சுற்றிக்கொண்டுதான் போவோம். அவளோ கண்ணை மூடி, ருசித்து, சக்கையையும் நக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது அவளுக்கு ஆறு வயது முடிந்திருந்தது. எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய அடுத்த வருஷம் பிறந்தவள். அவள் பிறந்த சில மாதத்திலேயே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா வெள்ளைக்காரத் தெருவில் ஒரு வயதான மதாம் வீட்டில் குசினியில் சமையல் வேலை பார்த்தாள். தங்கைக்குப் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆனால் மூன்று வீடு தள்ளி மாவாட்டும் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள். தீப்பெட்டி, பொத்தான், புளியங்கொட்டை, எது கிடைத்தாலும் தரையில் வரிசையாக வைப்பாள். ஒன்றை நாம் நகர்த்திவிட்டால் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வாள். அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னை கன்னியாஸ்திரி மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். சில நாள் அவள்மேல் ஆத்திரமாகவும் இருந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடு அவளுடைய சாப்பாடுதான். மதாம் வீட்டில் மிஞ்சுகிற நீள ரொட்டியை அம்மா முந்தானையில் சுற்றிக் கொண்டுவருவாள். தங்கை மேலே இருக்கிற மொறுமொறு ஓட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கிற வெள்ளையை மட்டும் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிடுவாள். அது இல்லாவிட்டால் கஞ்சித் தண்ணீர். அதில் ஒரு பருக்கை, ஒரு சீரகம் மிதந்தால்கூடக் கிண்ணம் பறக்கும். காய் கிடையாது, கீரை கிடையாது, மீன் கிடையாது, பால் கிடையாது. ஒரு தடவை வாழைப்பழத்தைத் துளி மசித்து ரொட்டிக்குள் ஒளித்து வைத்தோம். நாக்கு பட்டதும் கண்டுபிடித்துவிட்டாள். அதற்கப்புறம் இரண்டு நாள் ரொட்டியையே தொடவில்லை. பயந்துபோய் நாங்கள் ஒளிப்பதை நிறுத்திவிட்டோம். அம்மாவின் கை மணத்துக்காக மதாம் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவார்கள். அவள் பெற்ற பெண் அந்தக் கையிலிருந்து வாங்கியது வெறும் வெள்ளை ரொட்டிதான்.

அப்படிப்பட்டவள் எலுமிச்சம்பழத்தைச் சக்கையோடு தின்கிறாளே என்று அன்றைக்கு எனக்கு யோசனை ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பழத்தைப் பிடுங்கி எறிந்தேன். அவள் அதன் பின்னாலேயே பாய்ந்தாள். அவளைத் தூக்கி இடுப்பில் இறுக்கிக்கொண்டு கத்தினேன். எதிர்வீட்டு அக்கா ஓடிவந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"எம் புள்ளைக்குச் சுத்திப் போட்ட பழம்டி அது. இப்பதான் போட்டுட்டுத் திரும்புனேன். எம் புள்ளைய விட்டுட்டு உன் தங்கச்சிகிட்ட வந்துடுச்சே."

அவளுடைய மகனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மறுநாள் அது விட்டுவிட்டது. அதைக் கேட்டபோது தெருவே வாயில் கை வைத்தது. அவன் எழுந்து நடக்கிறான், அப்படியென்றால் அவனைப் பிடித்த பீடை எங்கள் வீட்டில் குடியேறிவிட்டது.

அம்மா கோவிலிலிருந்து தீர்த்தம் வாங்கி வந்து அவள் வாயைக் கழுவினாள். வீட்டை மெழுகித் துடைக்கலாம் என்று பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியை நகர்த்தினோம். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் காய்ந்த எலுமிச்சைத் தோல்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்துப் போட்டவை அல்ல. வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து, அறுத்த வாய் மேலே இருக்கும்படி வைத்திருந்தாள். கடைசியில் இருந்தவை கறுத்துக் கல்லாகிக் கிடந்தன. முன்னால் இருந்தவை மஞ்சள் மாறாமல் இருந்தன. நான் எண்ண ஆரம்பித்தேன். நாற்பதைத் தாண்டியதும் அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். எத்தனை மாதம், எத்தனை வருஷம் என்று தெரியவில்லை. நான் மடத்துக்காகப் பூத்தையல் போட்டுக்கொண்டு தலை குனிந்திருக்கிற நேரத்தில் எல்லாம் அவள் முச்சந்திக்குப் போய் வந்திருக்கிறாள். எல்லாத் தோலையும் கூட்டி, தீர்த்தம் தெளித்து, எரித்தோம். புகையில் எலுமிச்சை வாசனை வந்தது. அறைக்குள்ளிருந்து அவள் கதவை அடித்த சத்தம் இன்னும் கேட்கிறது.

அவளுக்குப் பேச்சு வராததற்கும், எங்களைத் திரும்பிப் பார்க்காததற்கும், தலையை முட்டிக்கொள்வதற்கும் ஒரேயடியாகக் காரணம் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஊரில் உள்ளவர்களின் பீடையை எல்லாம் இவள் தின்றிருக்கிறாள். புளிப்பு ஏறினால் நாக்கு இன்னும் தடித்துவிடும், அதை அடியோடு நிறுத்தினால் பேச்சு வந்தாலும் வரும் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னாள். அம்மாவுக்கு அந்தக் கடைசிச் சொல் போதுமாக இருந்தது. வீட்டில் எலுமிச்சை வாங்குவதை நிறுத்தினோம். புளிப் பானையைப் பரணில் ஏற்றினோம். அம்மாவின் பழைய சேலையைக் கயிறாக முறுக்கி, ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும் மறு முனையை அவள் இடுப்பிலும் கட்டினோம். பாய் வரைக்கும், தண்ணீர்க் குடம் வரைக்கும் அவளால் போக முடியும். வாசல் எட்டாது.

எதிர்வீட்டு அக்கா இன்னும் ஒரு காரியம் செய்தாள். தன் பழத்தால் வந்த வினை என்று அவள் மனசு அடித்துக்கொண்டே இருந்தது. காலையும் மாலையும் துடைப்பத்தோடு முச்சந்திக்குப் போய், கிடக்கிற பழத்தையெல்லாம் கூட்டி வாரி வாய்க்காலில் கொட்டினாள். தெருப் பெண்களிடம் வீடு வீடாகச் சொல்லி, கழிப்புப் பழத்தை வாய்க்கால் பக்கமே போடச் செய்தாள். மற்றவர்கள் தொடப் பயந்ததை எங்களுக்காகத் தினமும் தொட்டாள். அவளைப் போல நல்ல மனுஷி எங்கள் தெருவில் கிடையாது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் தலை சுற்றுகிறது. கெட்டவள் ஒருத்தி இதைச் செய்திருந்தால் நான் அவளைத் திட்டித் தீர்த்திருப்பேன்.

முதல் மாதம் தங்கை ஜன்னலிலேயே நின்றாள். கையை வெளியே நீட்டி விரலை மூடித் திறப்பாள். நாக்கைச் சப்புக்கொட்டுவாள். கம்பியை நக்குவாள். உள்ளே போனது வெளியே வரத் துடிக்கிறது என்று எதிர்வீட்டு அக்கா சொன்னாள். அப்புறம் தங்கை அதையும் விட்டுவிட்டாள். அமைதியாகிவிட்டாள், குணமாகிறது என்று அம்மா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவள் நடக்க மாட்டேன் என்றாள். என்றாள் என்று எழுதுகிறேன், அவள் எப்போது எதைச் சொன்னாள்? நிறுத்தினால் சரிந்து உட்கார்ந்தாள். இரண்டு காலையும் மடக்கி, முட்டியை வெளிப்பக்கம் விரித்து, தவளை மாதிரி மல்லாந்து கிடந்தாள். தொட்டால் அலறினாள். தொட வரும் கையைப் பார்த்தாலே அலறினாள். கட்டிப்போட்டதில் கால் மரத்துவிட்டது என்று நினைத்து உடனே அவிழ்த்துவிட்டோம். அவிழ்த்த பிறகும் அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. வைத்தியர் தைலம் கொடுத்தார். அழுத்தித் தேய்க்கச் சொன்னார். நான் அவள் கையைப் பிடித்துக்கொள்வேன், அம்மா காலை நீவுவாள். தினமும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அவள் உடம்பு வில்லாக வளையும். எலும்பைச் சுற்றி ரத்தம் கட்டியிருக்கிற காலை நாங்கள் நீவியிருக்கிறோம் என்று பிறகு தெரிந்தது. இரண்டு மாதம் நீவியிருக்கிறோம்.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்கிய வாரம். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். நான் கிணற்றிலிருந்து தண்ணீரோடு திரும்பினேன். தங்கையின் வாயைச் சுற்றிச் சிவப்பு. தலையணையிலும் சிவப்பு. ஆடி மாதத்தில் பார்த்த அதே சிவப்பு. பின்னாலேயே வந்த எதிர்வீட்டு அக்கா, "மறுபடியும் தின்னுடுச்சா?" என்று கேட்டாள். எங்கிருந்து கிடைத்தது, யார் கொடுத்தார்கள் என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது. குடத்தை இறக்கிவைத்துவிட்டு தங்கையின் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். எழுந்து நடக்க முடியாதவளை. வாயைத் திற என்று விரலைவிட்டுப் பிளந்தேன். பழம் இல்லை, குங்குமம் இல்லை. பல்லை மூடிக்கொண்டு ஈறு கறுநீலமாக ஊதித் தொங்கியது. என் விரல் பட்ட இடத்திலிருந்து ரத்தம் ஒழுகியது. ஒரு பல் என் கையோடு வந்துவிட்டது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அவளை ஒரு பழைய கம்பளியில் சுற்றி, ரிக்‌ஷாவில் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அக்கா மதாம் வீட்டுக்கு, அம்மாவிடம் சொல்ல ஓடினாள். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கேயே படித்த தமிழ் டாக்டர் ஒருவர் பார்த்தார். தலை நரைத்தவர். ஈறைப் பார்த்தார். காலில் நீலம் பாய்ந்த இடங்களைப் பார்த்தார். அவள் கையிலிருந்த ரோமம் ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சுருள் கம்பி மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. அவர் முகம் மாறியது. புஸ்தகத்தில் படித்ததை முதல் தடவை நேரில் பார்க்கிறேன் என்று பக்கத்தில் நின்ற சிஸ்டரிடம் பிரெஞ்சும் தமிழும் கலந்து சொன்னார். அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் கப்பலில் போகிறவர்களுக்கு வருகிற நோயாம். கரையைப் பார்க்காமல் காய்ந்த ரொட்டியையே தின்று போகிறவர்களுக்கு.

என்ன சாப்பிடுவாள் என்று கேட்டார். ரொட்டி என்றேன். அப்புறம்? கஞ்சித் தண்ணீர். அப்புறம்? வேறு எதுவும் தொடமாட்டாள் என்றேன். பிறந்ததிலிருந்து அப்படியென்றால் இது எப்போதோ வந்திருக்க வேண்டுமே, ஆறு வயது வரைக்கும் எப்படித் தாக்குப்பிடித்தாள் என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. புளிப்பா ஏதாவது? ஆரஞ்சு, நெல்லிக்கா, எலுமிச்சம்பழம்?" என்றார்.

எனக்கு அப்போது தைரியம் வந்தது. நாங்கள் சரியாகச் செய்த ஒரு காரியத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"எலுமிச்சம்பழத்துக்குத்தான் டாக்டர் உயிரா இருந்தா. ஏழு மாசமா தொடவே விடல. கட்டிப் போட்டுப் பாத்துக்கினோம்."

அவர் கையிலிருந்த பேனாவை மேஜைமேல் வைத்தார். சிஸ்டர் தன் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவர் என்னை உட்காரச் சொல்லி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி மெதுவாகச் சொன்னார். பழத்தில், காயில் விட்டமின் சி என்று ஒரு சத்து இருக்கிறது. அது உடம்புக்குள் போகாவிட்டால் ரத்தக் குழாய் ஓட்டையாகும், எலும்பு நோகும், ஈறு அழுகும். இந்த மாதிரிப் பிள்ளைகள் சில பேர் உண்டு. பேச்சு வராது, ஒரே சாப்பாட்டைப் பிடித்துக்கொள்வார்கள். அது அடம் இல்லை, மற்ற சாப்பாடு அவர்கள் வாய்க்கு மண் மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஏதோ ஒரு பழம் பிடித்துப்போனது பெரிய அதிர்ஷ்டம். இத்தனை வருஷம் அதுதான் அவளைக் காப்பாற்றியிருக்கிறது.

இதைச் சொன்னபோது அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் சொன்னதும் சிஸ்டர் எலுமிச்சம்பழம் பிழிந்து, சர்க்கரை போட்டு, ஒரு ஸ்பூனில் கொண்டுவந்தாள். ஊசியும் போட்டார்கள். ஸ்பூன் கிட்டே வந்ததும் தங்கையின் மூக்கு விரிந்தது. புண்ணான வாயைத் தானாகத் திறந்தாள். ஈறில் பட்டு எரிந்திருக்க வேண்டும், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஆனாலும் சிஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள், இன்னும், இன்னும் என்று. மூன்றாம் நாள் ஈறிலிருந்து ரத்தம் நின்றது. நான்காம் நாள் அவள் காலைத் தொட்டேன், அலறவில்லை. முட்டியை மெதுவாக நீட்டிப் பார்த்தேன், நீட்டவிட்டாள். ஏழு மாதத்தில் கெட்டது நான்கு நாளில் திரும்பிக்கொண்டிருந்தது. ஆனால் நெஞ்சில் ஏற்கெனவே சளி கட்டியிருந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் ஏறியது. எதிர்த்து நிற்க உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை என்று டாக்டர் சொன்னார். ஆறாம் நாள் மத்தியானம், நான் பக்கத்தில் இருக்கும்போதே, மூச்சு நின்றுவிட்டது.

டாக்டர் அவ்வளவையும் சொன்ன நேரத்தில் அம்மா இன்னும் வந்து சேரவில்லை. வந்ததும் என்ன நோய் என்று கேட்டாள். ரத்தம் கெட்டுப்போச்சாம், ஸ்பூனில் கொடுப்பது அதற்கு மருந்தாம் என்றேன். செத்த பிறகும் அதையேதான் சொன்னேன். அம்மாவின் மனசில் அந்தப் பழம்தான் கொன்றது, நாம்தான் தாமதமாகக் கண்டுபிடித்தோம் என்று பதிந்துவிட்டது. அதை நான் விட்டுவைத்தேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேனா, என்னையா, தெரியவில்லை.

எட்டு மாதம் அப்படியே போயிற்று. கல்லறைத் திருநாளன்று பூசை முடிந்து வெளியே வந்தோம். லாஸ்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண், நாலு வயசுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். பையன் அவள் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு விரலை ஆட்டிக்கொண்டே இருந்தான். பேச்சு வரவில்லையாம். இட்லி தவிர வேறொன்றும் தொடுவதில்லையாம், கொடுக்காப்புளியைக் கண்டால் மட்டும் விடமாட்டானாம். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கி, மனசாரச் சொன்னாள். புளிப்பைக் கண்ணில் காட்டாதே, நாக்கு தடித்துவிடும், வெளியே விடாதே, கட்டிப்போட்டாலும் பாவமில்லை, என் பெண்ணை நான் அப்படித்தான் இழந்தேன். அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, அம்மா அடுப்பு மூட்டுகிறபோது, டாக்டர் சொன்னது அத்தனையும் சொன்னேன். நான் அறைந்ததை மட்டும் சொல்லவில்லை. அம்மா ஊதுகுழலைக் கையில் வைத்தபடி கேட்டாள். அடுப்பு அணைந்துவிட்டது. நம்பமாட்டாள், என்னை அடிப்பாள், மயங்கி விழுவாள் என்று என்னென்னவோ எதிர்பார்த்தேன். ஒன்றுதான் கேட்டாள்.

"ஜன்னல்ல நின்னுக்கினு கைய நீட்டுனாளே. அப்ப அவ கேட்டுக்கினுதான் இருந்தாளா?"

ஆமாம் என்றேன்.

அடுத்த ஞாயிறு வரைக்கும் அம்மா பொறுக்கவில்லை. மறுநாள் மதாம் வீட்டுக்கு வரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு லாஸ்பேட்டைக்கு நடந்தாள். வீடு தெரியாது, நாலைந்து இடத்தில் விசாரித்துக் கண்டுபிடித்தோம். அந்தப் பெண் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டில் காலில் ஒரு துணிக்கயிறு கட்டியிருந்தது தெரிந்தது. அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே உள்ளே போய், உட்கார்ந்து, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"நேத்து நான் சொன்னத மறந்துடும்மா. புள்ள எதுக்குக் கைய நீட்டுதோ அதக் குடு. எம் பொண்ணு ஏழு மாசம் எங்கிட்ட கேட்டா. எனக்குப் புரியல."

அந்தப் பெண் ஈரக் கையோடு என்னைப் பார்த்தாள். இவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பது போல. நான் டாக்டர் சொன்ன அந்தச் சத்தின் பெயரைச் சொன்னேன். அவளுக்கு அது விளங்கியதா என்று தெரியவில்லை. கயிறு அவிழ்ந்ததும் பையன் எங்கள் மூன்று பேரையும் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனான்.